ஆய்ந்து வைத்த ரோபோ

ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் மின்விசிறி ஓடவில்லை. மின்சாரமெல்லாம் இருந்தது. நான்தான் போட விடவில்லை. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டே, "இந்தப் பேஜாரு என்னிக்குத்தான் தீரும்?" என்று கேட்பார். அம்மா கூடத்துச் சுவரோடு ஒட்டி ஒருக்களித்து நடப்பாள். பதினோரு வயதுப் பெண் ஒருத்திக்காக ஒரு குடும்பமே புழுங்கிக் கிடந்தது என்றால் சும்மாவா? ஒரு சாண் உயர ரோபோ ஒன்று எங்கள் கூடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவள் நான். இன்றைக்கும் யாராவது கேட்டால் மார்தட்டித்தான் சொல்வேன். எப்படிச் செய்தேன் என்பதில்தான் கொஞ்சம் விவகாரம் இருக்கிறது.

கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சொந்த நிலத்தில் அப்பா மல்லாட்டை போடுவார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வீட்டில் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அத்தைக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டவள். வாய் ஜாஸ்தி, கைவேகம் அதைவிட ஜாஸ்தி. பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டைக் காயை ஆய்வதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் மட்டும் அவளுக்கு இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. தன் பெயரை எழுதுவாள், அதுவும் கடைசி எழுத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதுவாள்.

ரோபோவைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. அந்த முறை ஜப்பான் பக்கம் போய்விட்டு வந்தவர், பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். மேலே படம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு ரோபோ நின்றது, மூலையில் அதே ரோபோ விமானமாக மடங்கிப் பறந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "இது பிளைட்டா, ஆளா?" என்று கேட்டார். ரெண்டும்தான் மச்சான் என்றார் மாமா. ரெண்டு வேலை பார்க்கிறவன் ஒன்றும் உருப்படியாகப் பார்க்கமாட்டான் என்று சொல்லிவிட்டு அப்பா கொல்லைக்குப் போய்விட்டார்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டி எனக்காக வந்ததல்ல. விழுப்புரத்தில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு வந்தது. அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண், கட்டுரைப் போட்டியில் கோப்பை. பெரியம்மா போன் செய்தால் அவன் வாங்கின மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சௌக்கியமா என்று கேட்பாள். எனக்குக் கொண்டுவந்தது ஒரு கைப்பை, ஊதா நிறத்தில், பொம்மை போட்டது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்கு இதுதான் வோணும்" என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். நான் அசையவில்லை.

மாமா சிரித்துக்கொண்டே என் முன்னால் குந்தினார். "இன்னா, உன்னால பண்ண முடியுமா? உள்ள எல்லாம் துண்டு துண்டா இருக்கும். பெரியவங்களே தெணறுவாங்க."

"பண்ணுவேன்."

"சரி. நான் மெட்ராஸ்ல ஒரு டிரெய்னிங் போய்ட்டு மூணு வாரத்துல வர்றேன். அதுக்குள்ள நீயா பண்ணி வெச்சிட்டா உனுக்கு. முடியலன்னா அப்படியே விழுப்புரம் போயிடும். நீயாதான் பண்ணணும். யாரும் கை வெக்கக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. அந்த மூன்று வாரமும் எனக்கு அந்த ஒரு நினைப்புதான். அந்த ரோபோ விழுப்புரம் போனால், நான் இரண்டாம்தரம் என்று ஊரே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பெட்டியைத் திறந்தால் ரோபோவே இல்லை. வெள்ளை, நீலம், சிவப்பு, சாம்பல் என்று கலர் கலராய்ப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன, சன்னல் கம்பி மாதிரி. அந்தச் சட்டங்களில் குட்டிக் குட்டிப் பாகங்கள் காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சட்டத்துக்கும் தலையில் ஓர் ஆங்கில எழுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் ஓர் எண். கூடவே ஒரு புத்தகம், முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் எண்கள் நம் எண்கள்தான். பி-யில் நான்காவதை வெட்டு, டி-யில் ஒன்பதாவதை வெட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்து. பசையெல்லாம் வேண்டாம், டக்கென்று பூட்டிக்கொள்ளும். எண்ணைப் பார்ப்பது, நகவெட்டியால் வெட்டுவது, அழுத்துவது, இவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்பாவின் நகவெட்டியை ஒளித்து வைத்துக்கொண்டேன்.

முழுப்பரீட்சை நேரம் என்பதால் அம்மா சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் விட்டாள். அதில் இரண்டு பாதங்கள் முடிந்தன. அத்தை வேலை முடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். நான் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பாகத்தை வெட்ட ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. "இப்படி ஒண்ணு ஒண்ணா ஆஞ்சின்னா எப்படி முடியும்? உங்க மாமா கெழவனாயி வருவாரு" என்பாள். "நீ சும்மா இரு அத்த" என்பேன் நான்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பஸ் இறங்கி ஓட்டமாக ஓடி வந்தேன். பன்னிரண்டு நாள் போய்விட்டிருந்தது, கையில் ஒன்பது நாள் இருந்தது. இனிமேல் நாள் முழுக்க உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தால், அத்தை கூடத்தில் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள். தரையில் இரண்டு முறம், ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

"வாடி வா. இன்னிக்கு உனுக்கு வேலையே வெக்கல நானு. எல்லாத்தையும் ஆஞ்சி வெச்சிட்டேன் பாரு. பெருசு இதுல, சிறுசு அதுல, பொடிசெல்லாம் கிண்ணத்துல. வெத மல்லாட்ட கணக்கா தரம் பிரிச்சிருக்கேன்."

முறத்தில் பார்த்தேன். இருநூறுக்கு மேல் பாகங்கள் சுத்தமாக, ஒரு காம்புகூட இல்லாமல் குவிந்து கிடந்தன.

"சட்டம் எங்க அத்த?"

"எது?"

"இதெல்லாம் ஒட்டிக்கினு இருந்துச்சே, அது!"

"அந்தக் குச்சியா? அது எதுக்குடி? பழைய பிளாஸ்டிக்கு வாங்கறவரு சைக்கிள்ல வந்தாரு, போட்டுட்டேன். ஒரு படி சின்ன வெங்காயம் குடுத்தாரு. கொழம்பு கொதிக்குது, கை கால் கழுவிக்கினு வா."

எண்ணெல்லாம் அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. பாகத்தில் ஒன்றும் இல்லை. எது பி-நான்கு, எது டி-ஒன்பது என்று கடவுள் வந்தாலும் சொல்ல முடியாது. நான் தரையில் உட்கார்ந்து கத்தினேன். அழுகையும் ஆத்திரமுமாக வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது, நினைத்தால் உடம்பு கூசுகிறது. "உனுக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா அதுல நம்பர் போட்டிருக்கறது தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் தெரியாதவங்க எதுக்கு இதத் தொடணும்?"

அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "யாரப் பாத்து இன்னா பேசற?"

"உடுங்க அண்ணி" என்றாள் அத்தை. "அவ சொல்றதும் சரிதானே."

பிறகு முறங்களையும் கிண்ணத்தையும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அந்த வெங்காயக் குழம்பைத் தொடமாட்டேன் என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை பழைய சோற்றுக்கு அதையே தொட்டுக்கொண்டேன். பசி வேறு, கோபம் வேறு.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தால் அத்தை அந்த ஜப்பான் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி இங்க" என்றாள். குரலில் பழைய காரம் திரும்பியிருந்தது. "இது இன்னா படம், சொல்லு."

முதல் பக்கம். சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை ஒரு கை திருகிப் பிடுங்குகிறது. அதன்மேல் குறுக்காகப் பெரிய பெருக்கல் குறி.

"கையால திருகாதன்னு போட்டிருக்கான். பக்கத்துல பாரு, கொழந்த ஒண்ணு வாயில போட்டுக்குது, அதுக்கும் குறுக்கால கோடு. இதுக்கு இன்னா படிப்பு வோணும்? மொத பக்கத்துலயே இருக்குது. படிச்சவ நீ, பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. முதல் பக்கத்தை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேராக எண் இருக்கிற பக்கத்துக்குப் போய்விட்டேன். ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா? "ஜப்பான்காரன் எழுத்து எனக்கு எப்படி அத்த தெரியும்?" என்றேன்.

"அப்போ இந்தப் பொஸ்தகத்துல நீயும் நானும் ஒண்ணுதான். குந்து" என்றாள்.

குந்தினேன். வேறு வழி? அத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவள் விரல் நின்றது. அங்கே எல்லாச் சட்டங்களும் சிறியதாக வரைந்திருந்தன, எந்தப் பாகம் எங்கே ஒட்டியிருந்தது என்று எண்ணோடு. "இதாண்டி நான் தூக்கிப் போட்ட குச்சி" என்றாள். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. இந்த யோசனை என்னுடையது, அத்தையே ஒத்துக்கொண்டாள். அந்தச் சட்டத்தையெல்லாம் தரையில் பெரிதாக வரைந்து, ஆய்ந்த காயை மறுபடியும் செடியில் வைக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்துவிட்டால்?

வீட்டில் சாக்பீஸ் இல்லை. அத்தை கோலமாவு டப்பாவை எடுத்து வந்தாள். விரல் நகம் அளவு இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, முழ அகலத்துக்குக் கூடம் முழுக்க இழுத்தாள். ஏ-யிலிருந்து எச் வரைக்கும் எட்டுச் சட்டங்கள். எழுத்தையும் எண்ணையும் நான் போட்டேன். மத்தியானம் அப்பா வந்து பழக்கதோஷத்தில் மின்விசிறியைத் தட்டிவிட, சி சட்டம் முழுசாகப் பறந்து அடுக்களைக்குள் போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்துதான் மின்விசிறிக்குத் தடை.

மூன்று நாள் நாங்கள் மண்டியிட்டபடியே கிடந்தோம். அத்தை கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுப்பாள், கண்ணருகே வைத்துத் திருப்புவாள், படத்தைப் பார்ப்பாள், வைப்பாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தது. ஒரே உருவத்தில் இடது ஒன்று, வலது ஒன்று என்று பாதிக்குமேல் ஜோடி ஜோடியாக இருந்தன. "மூக்கு உள்பக்கம் திரும்பிக்கினு இருக்குது பாரு, இது எடது. வெளிய திரும்பினா வலது" என்பாள். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்துக் கொடுப்பதே அத்தைதான். அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் அவளுக்கு மனப்பாடம். பஸ்ஸையும் அப்படித்தான், முகப்பைப் பார்த்தே இது திருவக்கரை போவது, இது திண்டிவனம் போவது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவாள். போர்டைப் படித்துவிட்டு நான் சொல்வதற்குள் அவள் பையைத் தூக்கியிருப்பாள். எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. படிக்கத் தெரியாதவர்கள் பாவம், அப்படித்தானே சமாளிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிண்ணமும் முறமும் காலி. நான் முன்பே பூட்டிய பாதங்களின் இடம் போக, தரையில் எல்லா இடமும் நிரம்பிவிட்டது, எஃப் சட்டத்தில் இரண்டு இடங்கள் தவிர. ரோபோவின் இரண்டு முட்டியும் மடங்கும் இடத்துக்கான சாம்பல் நிறத் துண்டுகள். முட்டி மடங்காவிட்டால் விமானம் ஆகாது. கட்டிலுக்கு அடியில், துடைப்பத்தில், முறத்து இடுக்கில் எல்லாம் தேடினோம். இல்லை.

"குச்சியோடயே போயிடுச்சு" என்றாள் அத்தை. அவள் முகம் செத்துவிட்டது. "சாம்ப கலரு குச்சி, சாம்ப கலரு காயி. கண்ணுக்குத் தெரியல. ரெண்டு காய உட்டுட்டேனே! ஒரு ஏக்கரு மல்லாட்ட ஆஞ்சாலும் செடில ஒரு காய் உடமாட்டேன் நானு." என் ரோபோ போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் திண்டிவனம் பஸ் ஏறினோம். அத்தை மடியில், குழம்புக்குப் போனதையும் ஈடுகட்டி, ஒரு படி சின்ன வெங்காயமும் ஒரு பை காய்ந்த மல்லாட்டையும். பழைய சாமான்காரர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கடை வைத்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். நான் ஒவ்வொரு கடையின் பெயர்ப் பலகையையும் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். ரொம்பப் பயனுள்ள வேலை செய்கிறோம் என்ற நினைப்பு. அத்தை சட்டென்று நின்றாள். "அதோ நிக்குது பாரு அவரு சைக்கிளு. பின்னாடி பச்சக் கூட, ஹாண்டில்ல செவப்புத் துணி." அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகையே இல்லை.

அவர் எங்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, வெங்காயம் சொத்தையா?" என்று பதறினார்.

"வெங்காயம் நல்லாதான் இருந்துச்சுங்க. அன்னிக்கு நான் போட்ட குச்சி திரும்ப வோணும். இந்தாங்க, உங்க வெங்காயம், மேல இந்த மல்லாட்ட."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். இருபது வருஷமாகப் பழைய சாமான் எடுக்கிறேன், போட்டதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீதான் என்றார். மல்லாட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு, உடைந்த குடமும் வாளியுமாக மலைபோல் கிடந்த குவியலைக் காட்டினார். வெயிலில் ஒரு மணி நேரம் கிளறினோம். எனக்குத் தண்ணீர் தாகம், தலைவலி, எல்லாம். போய்விடலாம் அத்தை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் கையை விட்டவள் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வளைந்துபோன சாம்பல் சட்டத்தின் மூலையில் இரண்டு பொடித் துண்டுகள் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அந்தப் பிளாஸ்டிக் குவியலுக்கு நடுவிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் என் ராஜ்யம். பூட்டியது முழுக்க நான்தான். அத்தையின் விரல்கள் காய்ப்புக் காய்த்துத் தடித்தவை, அந்தப் பொடித் துண்டுகளுக்கு ஆகாது. அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் திருப்புவாள், அடுத்தது எது என்று படத்தில் காட்டுவாள், நான் எண்ணைப் பார்த்துத் தரையிலிருந்து எடுத்து அழுத்துவேன். டக். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. கால் வந்தது, இடுப்பு வந்தது, மார்பு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் தலையை வைத்தேன். எங்கள் கூடத்து நடுவில், அழிந்த கோலமாவுக்கு மத்தியில், பெட்டிப் படத்தில் இருந்ததேபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அது நின்றது. அப்பா வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்லடி, ஆளுதான்" என்றார். எங்கள் அப்பாவிடமிருந்து அது ஒரு பட்டம். அன்றைக்குச் சாயங்காலம் அவரே போய் மின்விசிறியைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கூடவே விழுப்புரத்திலிருந்து பெரியம்மாவும் அவள் மகனும். அவன் ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியை வாங்கிப்போகத் தோதாக ஒரு பை வேறு கொண்டுவந்திருந்தான். நான் ரோபோவை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, மேலே துண்டு போட்டு மூடியிருந்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் துண்டை எடுத்தேன்.

மாமா எழுந்தேவிட்டார். சுற்றிச் சுற்றி வந்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார். பெரியம்மா மகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் பாவம்தான், ஆனால் பொய் சொல்லமாட்டேன், ஏற்பட்டது.

"நீயாவா பண்ண?" என்றார் மாமா. "நெஜமாச் சொல்லு. யார் ஒத்தாச பண்ணாங்க?"

அத்தை அப்போது டீ டம்ளர் வைத்த தட்டோடு வாசற்படி ஓரம் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"யாருமில்ல மாமா. நானே தனியாப் பண்ணேன்."

மாமாவுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அத்தையைத் திரும்பிப் பார்த்து, "உண்மையாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அத்தை, ஒரு நொடிகூட யோசிக்காமல். "அவளேதான். நாங்க பக்கத்துல போனாக்கூடக் கத்துவா. எனக்கு இதெல்லாம் இன்னாங்க தெரியும்?"

அப்படியென்றால் இதை விமானமாக்கிக் காட்டு என்றார் மாமா. நான் தயாராகத்தான் இருந்தேன். கையைப் பின்னால் தள்ளி, தலையை உள்ளே அமுக்கி, மார்பைத் திறந்து, இறக்கையை விரித்து, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தேன். பெரியம்மாகூட முறுக்கைக் கடிக்காமல் பார்த்தாள். காலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. முட்டி மடங்குகிறது, ஆனால் கால் உள்ளே போய் உட்காரவில்லை. இன்னும் அழுத்தினால் உடைந்துவிடும். நேற்று வந்தது, இன்றைக்கு வரவில்லை. எதையோ ஒன்றை மறந்துவிட்டேன். "ஸ்டக் ஆயிடுச்சு" என்றான் பெரியம்மா மகன், எட்டிப் பார்த்துக்கொண்டே. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் அத்தை, காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மற்ற கையை முன்னால் நீட்டி மெதுவாகப் புரட்டினாள். உள்ளங்கை கீழே, பிறகு மேலே.

பாதம்! மடக்குவதற்கு முன்னால் பாதத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினேன். டக், டக். இரண்டு காலும் உள்ளே போய் உட்கார்ந்தன. என் கையில் ஒரு விமானம் இருந்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். மாமா கைதட்டினார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா மகன்கூட, "எனக்கு ஒருவாட்டி குடு" என்று கெஞ்சினான். குடுக்கவில்லை. மாமா என் தலையில் கை வைத்து, "இது உன்னுதுதான். கப்பல்ல போய்ச் சொல்றேன், இங்க ஒரு இன்ஜினியர் இருக்கான்னு" என்றார். அந்த நாளைப்போல் இன்னொரு நாள் எனக்கு வாய்க்கவில்லை. இன்ஜினியரும் ஆனேன், ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அந்த ஒரு சுற்றுக்கு எதுவும் ஈடாகவில்லை.

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தபின், அத்தை டம்ளரெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரோபோவைத் தொட்டுப் பார்க்கக் கேட்பாள் என்று நினைத்தேன். தருவதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

"பாப்பா, அந்தப் பொஸ்தகத்த எனக்குக் குடுக்கறியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரோபோதான் முடிந்துவிட்டதே, இனிமேல் அது வெறும் காகிதம். "உனுக்கு எதுக்கு அத்த? உனுக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றேன். இந்த முறை கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"சும்மாதான்" என்றாள்.

சரி, எடுத்துக்கொள் என்று பெரிய மனசு பண்ணிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஓரம் மடங்கியிருந்த தாள்களை முழங்கால்மேல் வைத்து நீவினாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, உதடு அசைய, ஒரு பக்கம்கூட விடாமல் திருப்பிக்கொண்டே போனாள். நான் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, தெருப் பிள்ளைகளிடம் காட்ட என் விமானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.